புதையல் தீவா, சாலமன் சுரங்கமா, பவளத் தீவா: எதில் தொடங்குவது?

ஆங்கிலத்தில் விக்டோரியா காலத்து சாகச நாவல் ஒன்றைப் படிக்கலாம் என்று ஆசை, எதை முதலில் எடுப்பது? இந்தக் கேள்வியோடு வருபவர்களில் இரண்டு வகை உண்டு. பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒரு வகை. பள்ளியில் சுருக்கப் பதிப்பாகப் படித்ததை இப்போது முழுசாகப் படித்துப் பார்க்க நினைக்கும் நாற்பது வயதுக்காரர்கள் இன்னொரு வகை. யாருக்குப் பட்டியல் போட்டாலும் கடைசியில் மிஞ்சுவது மூன்று புத்தகம்தான். ஆர். எம். பாலன்டைன் எழுதிய ‘தி கோரல் ஐலண்ட்’, ஆர். எல். ஸ்டீவன்சன் எழுதிய ‘ட்ரெஷர் ஐலண்ட்’, ரைடர் ஹாகார்ட் எழுதிய ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’. வசதிக்காகப் பவளத் தீவு, புதையல் தீவு, சாலமன் சுரங்கம் என்றே இனிச் சொல்கிறேன்.

மூன்றும் ஒன்றுக்கொன்று சொந்தம். பவளத் தீவு 1857 கடைசியில் வந்தது. அதைச் சிறுவனாகப் படித்து மயங்கியவர் ஸ்டீவன்சன். புதையல் தீவின் முகப்பில் அவர் வைத்த கவிதையில் பாலன்டைன் பெயர் வருகிறது. புதையல் தீவு 1883 நவம்பரில் புத்தகமானது. ஊரே அதைக் கொண்டாடியபோது, இதில் பாதி அளவுக்காவது ஒரு கதை உன்னால் எழுத முடியுமா என்று ஹாகார்டிடம் அவருடைய சகோதரர் பந்தயம் கட்டினாராம். அதன் விளைவுதான் 1885 செப்டம்பரில் வந்த சாலமன் சுரங்கம்.

என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குப் புதையல் தீவு. ஆனால் ஒரு வகை வாசகருக்கு மட்டும் சாலமன் சுரங்கத்தைத்தான் கையில் கொடுப்பேன். பவளத் தீவு முதல் புத்தகமாக யாருக்குமே வேண்டாம்.

கடைசியில் இருப்பதை முதலில் பேசி முடித்துவிடலாம். கப்பல் உடைந்து மூன்று பையன்கள் பசிபிக் தீவு ஒன்றில் கரையொதுங்குகிறார்கள். பதினெட்டு வயது ஜாக், பதினைந்து வயது ரால்ஃப், பதினான்கு வயதுக் குறும்பன் பீட்டர்கின். கையில் இருப்பது துருப்பிடித்த ஒற்றைப் பேனாக்கத்தி, உடைந்த தொலைநோக்கி, இன்னும் சில்லறைச் சாமான்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலன்டைன் பசிபிக் பக்கம் போனதே இல்லை. எடின்பரோக்காரர், பதினாறு வயதில் ஹட்சன் விரிகுடா கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கனடாவின் பனியில் சில வருடங்கள் கழித்தவர். தேங்காய் என்று அவர் பார்த்ததெல்லாம் பிரிட்டன் கடைகளில் மட்டை உரித்து வைத்திருந்த காய்கள். அதனால் அவருடைய தீவில் மரத்திலேயே தேங்காய் அப்படித்தான் காய்க்கிறது. பீட்டர்கின் பேனாக்கத்தியால் ஒரு துளை போட்டு வாயில் வைத்துக் குடிக்கிறான். இளநீர்க்காரர் அரிவாளை ஓங்கி நாலு போடு போட்டுச் சீவுவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இந்த இடத்தில் சிரிப்பு வராமல் இருக்காது.

பாலன்டைனுக்கு இந்தத் தவறு தெரியவந்தபோது வெட்கமாகிவிட்டது. அப்புறம் எதை எழுதினாலும் நேரில் போய்த் தங்கிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார். கலங்கரை விளக்கக் கதைக்கு ஸ்காட்லாந்துக் கடலில் இருக்கும் பெல் ராக்கில் தங்கினார். தீயணைப்பு வீரர்கள் கதைக்கு லண்டன் தீயணைப்புப் படையோடு சுற்றினார். சுரங்கக் கதைக்குக் கார்ன்வாலுக்குப் போனார். ஆக, பவளத் தீவு அவருடைய நல்ல பழக்கத்துக்கு முந்தைய புத்தகம்.

தேங்காய்க்காக மட்டும் நான் அதைத் தள்ளவில்லை. முதல் பாதியில் பையன்களுக்குள் சண்டையே கிடையாது. ஜாக் சொல்வான், மற்ற இருவரும் கேட்பார்கள். பவளப் பாறை, குகை, மீன் என்று வர்ணனை நீண்டுகொண்டே போகும். இரண்டாம் பாதியில் கடற்கொள்ளையரும் நரமாமிசம் தின்னும் தீவுவாசிகளும் வருகிறார்கள். அந்தத் தீவுவாசிகளைப் பற்றிப் புத்தகத்துக்கு ஒரே ஒரு கருத்துதான்: மதம் மாறாதவரை மிருகம், மாறிவிட்டால் மனிதன். முடிவில் அவர்கள் தெய்வச் சிலைகளை எரித்துவிட்டு ஞானஸ்நானம் பெற, பையன்கள் நிம்மதியாக ஊருக்குக் கப்பல் ஏறுகிறார்கள். 1954இல் வில்லியம் கோல்டிங் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ எழுதியபோது ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களையே எடுத்துக்கொண்டு, தீவில் தனித்துவிடப்பட்ட ஆங்கிலேயப் பையன்கள் உண்மையில் என்ன ஆவார்கள் என்று திருப்பி எழுதினார். அந்த நாவலைப் படித்தவர்களுக்குப் பவளத் தீவு சுவாரசியமாக இருக்கும். கோல்டிங் எதற்குப் பதில் சொல்கிறார் என்பது புரியும். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

நிஜமான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்.

சாலமன் சுரங்கத்தின் பெரிய பலம் அதன் கதைசொல்லி. ஆலன் குவாட்டர்மெய்ன் ஐம்பத்தைந்து வயது வேட்டைக்காரர். டர்பனில் கால்வலியோடு படுத்துக்கொண்டு, லண்டனில் டாக்டருக்குப் படிக்கும் மகனுக்காக எழுதுகிறார். எனக்குப் பேனாவைவிடத் துப்பாக்கிதான் பழக்கம் என்கிறார். நான் பயந்தாங்கொள்ளி என்றும் சொல்கிறார். இதுவரை அறுபத்தைந்து சிங்கம் சுட்டாயிற்று, அறுபத்தாறாவது வந்து என் காலைப் புகையிலை மாதிரி மென்றுவிட்டதே என்று அலுத்துக்கொள்கிறார். ஊருக்கு ஊர் இப்படி ஒரு பெரியப்பா இருப்பார், அவரிடம் கதை கேட்பதில் இருக்கும் சுகம் இதில் இருக்கிறது.

ஆப்பிரிக்காவைப் பார்க்காமல் எழுதியவரும் இல்லை ஹாகார்ட். 1875இல், பத்தொன்பது வயதில், நேட்டால் கவர்னருக்கு உதவியாளாகத் தென்னாப்பிரிக்கா போனவர். 1877இல் அங்கிருந்த டிரான்ஸ்வால் குடியரசை பிரிட்டன் இணைத்துக்கொண்டபோது பிரிட்டோரியாவில் கொடியேற்றிய கை அவருடையது. பிறகு இங்கிலாந்து திரும்பி வக்கீலுக்குப் படித்துக்கொண்டே இரண்டு நாவல் எழுதி, இரண்டும் எடுபடாமல் போயின. மூன்றாவதுதான் இது. சில வாரங்களிலேயே எழுதி முடித்துவிட்டார். அந்த அவசரம் எழுத்தில் தெரியும், கெடுதலாக இல்லை.

கதை இதுதான். காணாமல் போன தம்பியைத் தேடி சர் ஹென்றி கர்டிஸ் வருகிறார், கூட அவருடைய நண்பர் கேப்டன் குட். வழிகாட்டி குவாட்டர்மெய்ன். கையில் சுரங்கத்துக்கு வழிகாட்டும் 1590ஆம் வருடத்து வரைபடம், ஒரு போர்த்துகீசியர் சாகும்போது துணிக்கிழிசலில் தன் ரத்தத்தால் வரைந்தது. பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் நாக்கு வறண்டு சாகக் கிடக்கிறார்கள். அதைத் தாண்டினால் பனிமலை. அங்கே ஒரு குகையில் ராத்தங்குகிறார்கள். விடிந்ததும் பார்த்தால், வந்தவர்களில் ஒருவன் குளிரில் விறைத்துச் செத்திருக்கிறான். இன்னும் உள்ளே, வரைபடம் வரைந்த அதே போர்த்துகீசியர், முந்நூறு வருடமாக அழுகாமல் உட்கார்ந்திருக்கிறார். ஏழாவது அத்தியாயத்தின் தொடக்கத்துக்குள் இதெல்லாம் வந்துவிடுகிறது.

சிரிப்புக்கும் குறைவில்லை. கேப்டன் குட் ஒற்றைக் கண்ணாடி போட்டவர், பல்செட் வைத்தவர், உடையில் மகா கறார். மலையைத் தாண்டி ஓடைக்கரையில் பாதி முகம் சவரம் செய்து, கால்சட்டையை அவிழ்த்து வைத்திருக்கும் நேரத்தில் அந்த நாட்டுக் குகுவானா இன வீரர்கள் வந்துவிடுகிறார்கள். கழற்றி மாட்டும் பல்லும் பாதித் தாடியும் வெள்ளைக் காலும் கண்டு, இவர்கள் நட்சத்திரத்திலிருந்து வந்தவர்கள் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் அதற்கப்புறம் அரசன் முன்னாலும் பாவம் குட் கால்சட்டை இல்லாமல், பாதித் தாடியோடே திரிய வேண்டியதாகிறது.

சரி, இவ்வளவு நன்றாக இருக்கிறதே, ஏன் இதையே எல்லோருக்கும் சொல்லவில்லை?

இந்தப் புத்தகத்தோடு சண்டை போட்டுக்கொண்டேதான் படிக்க வேண்டியிருக்கும். முதல் அத்தியாயத்தில் கறுப்பின மக்களைக் குறிக்கும் ஒரு இழிசொல்லை குவாட்டர்மெய்ன் எழுதுகிறார். எழுதிய கையோடு, இந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை, அடித்துவிடுகிறேன் என்கிறார். கண்ணியமான கறுப்பர்களையும் பார்த்திருக்கிறேன், பணமும் பவிசும் இருந்தும் கண்ணியம் இல்லாத வெள்ளையர்களையும் பார்த்திருக்கிறேன் என்கிறார். 1885இல் சிறுவர் புத்தகம் ஒன்று இப்படித் தொடங்குவது சாதாரண விஷயம் இல்லை. வேலைக்காரனாகச் சேரும் உம்போப்பா, சர் ஹென்றியைப் பார்த்து, நீங்களும் ஆண்பிள்ளை நானும் ஆண்பிள்ளை என்கிற மாதிரி சமமாக நின்று பேசுகிறான். அவன்தான் அந்த நாட்டின் உண்மையான அரசன் இக்னோசி என்பது பின்னால் தெரிகிறது. கடைசியில் விடைகொடுக்கும்போது அவன் சொல்வதைக் கவனிக்க வேண்டும். இனி எந்த வெள்ளையனும் இந்த மலையைத் தாண்டி வரக்கூடாது, துப்பாக்கியும் சாராயமும் விற்கும் வியாபாரியும் வேண்டாம், சாவைக் காட்டிப் பயமுறுத்தும் பாதிரியும் வேண்டாம் என்கிறான். பவளத் தீவின் முடிவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இருபத்தெட்டு வருடத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும்.

ஆனால் அதே புத்தகத்தில்தான் ஃபௌலாட்டா வருகிறாள். நோயில் கிடந்த கேப்டன் குட்டை ராப்பகலாகக் கவனித்துக் காப்பாற்றியவள். இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம். கதாசிரியருக்கு இதை என்ன செய்வது என்று தெரியவில்லை, அவளைச் சாகடித்துவிடுகிறார். சாகும்போது, வெளிச்சமும் இருட்டும் எப்படி ஒன்று சேரும் என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். அது போதாதென்று குவாட்டர்மெய்ன் பின்னால், அவள் போனது ஒரு வகையில் நல்லதுதான், இல்லாவிட்டால் சிக்கல் வந்திருக்கும் என்று எழுதுகிறார். அவ்வளவு நேரம் நாம் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்த அதே பெரியப்பா குரல்தான் இதையும் சொல்கிறது. அங்கே எனக்குப் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றும். யானைகளைத் தந்தத்துக்காகச் சுட்டுத் தள்ளும் நாலாவது அத்தியாயமும் இன்றைக்குப் பலருக்கு இறங்காது.

இதையெல்லாம் எடைபோட்டுப் படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நாம் வேறு வேலை பார்க்கப் போவது சரியாக வராது. கூட உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்.

இப்போது புதையல் தீவு. இது ஸ்டீவன்சனின் முதல் முழு நாவல். 1881இல் ஸ்காட்லாந்தின் ப்ரேமரில், மழை விடாமல் பெய்த விடுமுறை ஒன்றில், மனைவியின் மகன் லாய்டுக்காக ஒரு தீவின் வரைபடம் வரைந்து வண்ணம் தீட்டினார். வரைபடத்திலிருந்து கதை முளைத்தது. தினம் ஒரு அத்தியாயம் எழுதி, சாயங்காலம் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டினார். அவருடைய அப்பா தாமஸ் கலங்கரை விளக்கங்கள் கட்டிய இன்ஜினியர். அவருக்கும் கதைப் பைத்தியம் பிடித்துவிட்டது. கதையில் வரும் கிழட்டு மாலுமி பில்லி போன்ஸின் பெட்டிக்குள் என்னென்ன சாமான் இருக்க வேண்டும் என்று ஒரு பழைய உறையின் பின்பக்கம் பட்டியல் எழுதிக் கொடுத்தார். மகன் அதை அப்படியே பயன்படுத்திக்கொண்டார். பதினைந்து அத்தியாயத்தில் கதை நின்றுபோனது. அந்தக் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில்தான் மீதியை முடித்தார். ‘யங் ஃபோக்ஸ்’ என்ற சிறுவர் பத்திரிகையில் கேப்டன் ஜார்ஜ் நார்த் என்ற புனைபெயரில் தொடராக வந்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. காசெல் நிறுவனம் புத்தகமாகப் போட நூறு பவுண்டு தருகிறோம் என்றபோது ஸ்டீவன்சன் துள்ளிக் குதித்தார்.

இங்கே ஒரு துணைக்கதை. அதே காசெல் நிறுவனம் பின்னால் ஹாகார்டுக்கும் நூறு பவுண்டு மொத்தமாகத் தருவதாகச் சொன்னது, அல்லது விற்பனையில் பத்து சதவீதம். ஹாகார்ட் நூறு பவுண்டையே வாங்கிக்கொள்ளத் தயாரானார். பதிப்பாசிரியர் ஒரு நிமிடம் எழுந்து வெளியே போனதும், மூலையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, சார், நானாக இருந்தால் இன்னொன்றைத்தான் எடுப்பேன் என்று மெல்லச் சொன்னாராம். ஹாகார்டும் பத்து சதவீதத்துக்கே மாறினார். முதல் வருடமே புத்தகம் முப்பதாயிரம் பிரதிக்கு மேல் விற்றது.

புதையல் தீவுக்கு வருகிறேன். அதில் எனக்கு முக்கியம் புதையல் இல்லை, லாங் ஜான் சில்வர். ஒற்றைக் கால், கக்கத்தில் ஊன்றுகோல், தோளில் கிளி, பளபளவென்று தேய்த்து வைத்த சமையலறை. கப்பலில் ஜிம் ஹாக்கின்ஸ் என்ற பையனுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிடுகிறது. நீ சின்னப் பையன், ஆனாலும் படு சூட்டிகை என்று அவர் சொல்லும்போது பையன் உச்சி குளிர்ந்துபோகிறான். அப்புறம் ஒரு மாலை ஆப்பிள் எடுக்கப் போகிறான். பீப்பாயில் காய் தீர்ந்துபோய் அடியில்தான் ஏதோ கிடக்கிறது. உள்ளே இறங்குகிறான். அலை ஆட்டத்தில் கண் சொருகும் நேரத்தில் யாரோ பீப்பாயில் சாய்ந்து உட்காருகிறார்கள். சில்வரின் குரல். இன்னொரு இளம் மாலுமியைக் கொள்ளைக்கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார். அவனிடம் சொல்வதும் அச்சு அசல் அதே வார்த்தைகள்: நீ சின்னப் பையன், ஆனாலும் படு சூட்டிகை. கொலைத் திட்டம் காதில் விழுவதற்கு முன்பே ஜிம்முக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் கோபம் கொள்ளைக்காரன் என்பதற்காக இல்லை, என்னிடம் சொன்னதையே இவனிடமும் சொல்கிறானே என்பதற்காக. பன்னிரண்டு வயதோ நாற்பது வயதோ, இந்த இடம் யாரையும் சுடும்.

அப்புறம் தீவில் இறங்கியதும், தன்னோடு சேர மறுக்கும் டாம் என்ற மாலுமி முதுகைக் காட்டி நடக்கிறான். சில்வர் ஊன்றுகோலை வீசி முதுகில் அடித்து வீழ்த்துகிறார். ஒற்றைக் காலில் பாய்ந்து போய் இரண்டு முறை குத்துகிறார். பிறகு ஒரு பிடிப் புல்லைப் பிடுங்கிக் கத்தியைத் துடைத்துக்கொள்கிறார். புதருக்குள் இருந்து ஜிம் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதைப் பார்த்தபிறகும் கதையின் கடைசிப் பகுதியில் ஜிம்முக்கும் சில்வருக்கும் ஒருவரை ஒருவர் நம்பியிருக்க வேண்டிய கட்டாயம் வருகிறது. படிக்கும் நமக்கும் அந்த ஆளை வெறுத்துத் தொலைக்க முடியவில்லை. ஸ்டீவன்சன் இதற்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. சில்வர் பிடிபட்டுத் தூக்கில் தொங்குவதும் இல்லை, திருந்துவதும் இல்லை. ஒரு மூட்டைக் காசோடு வழியில் ஒரு துறைமுகத்தில் நழுவிவிடுகிறார். நல்லவன் வாழ்வான், கெட்டவன் அழிவான் என்று பாடம் சொல்லிக்கொடுத்த சிறுவர் புத்தகங்களுக்கு நடுவில் இது பெரிய துணிச்சல்.

ஹாகார்டின் கெட்டவர்களைப் பாருங்கள். ட்வாலா கொடுங்கோலன், ககூல் நூற்றுக்கிழவி, சூனியக்காரி. பயமாக இருக்கும், ஆனால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். உருவத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். பாலன்டைனிடம் அதைவிட மோசம். யாரை நம்புவது என்ற கேள்வியை வாசகன் தலையில் கட்டுவது மூன்றில் ஸ்டீவன்சன் மட்டும்தான். என் ஓட்டு அங்கே போவதற்கு முதல் காரணம் இதுதான்.

பெண்கள்? மூன்றிலும் நிலைமை மோசம். இது பையன்களுக்கான கதை, பெண்கள் கிடையாது என்று முதலிலேயே தீர்மானமாகிவிட்டதாக ஸ்டீவன்சனே எழுதியிருக்கிறார். இருந்தும் ஜிம்மின் அம்மா ஒரு அத்தியாயத்தில் வந்து போகிறார், மனசில் நின்றுவிடுகிறார். செத்துப்போன பில்லி போன்ஸ் அவருடைய விடுதிக்கு வைத்த பாக்கியை அவன் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். கொள்ளைக்காரர்கள் எந்த நிமிடமும் வந்துவிடுவார்கள். பெட்டியிலோ ஊர்ப்பட்ட நாட்டுக் காசு. அம்மாவுக்கு கின்னி என்ற ஆங்கிலேய நாணயம் மட்டும்தான் கணக்குப் போடத் தெரியும். வரவேண்டியதற்கு மேல் ஒரு சல்லிக் காசு எடுக்கமாட்டேன், குறைவாகவும் விடமாட்டேன் என்று ஒவ்வொரு கின்னியாகத் தேடி எண்ணுகிறார். வெளியே கொள்ளைக்கூட்டத்துக் குருடன் பியூவின் கோல் தட்டும் சத்தம். மகன் கெஞ்சுகிறான், அம்மா அசையவில்லை. மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை இரண்டு தரம் எண்ணிப் பார்க்கும் எந்த அம்மாவுக்கும் இவர் உறவுதான்.

புதையல் தீவில் சிரமம் இல்லாமல் இல்லை. மொழி கொஞ்சம் முரடு. கொள்ளைக்காரர்கள் இலக்கணத்தை உடைத்துப் பேசுவார்கள். பாய்மரக் கப்பலின் ஒவ்வொரு கயிற்றுக்கும் பாய்க்கும் ஒரு பெயர் வந்து விழும். ஜிம் தனியாகப் போய்க் கப்பலைக் கைப்பற்றும் ஐந்தாம் பாகத்தில் இது அதிகம். அகராதியைத் தேடாதீர்கள். கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறது, ஜிம் எங்கே இருக்கிறான், கொள்ளைக்காரன் இஸ்ரேல் ஹேண்ட்ஸ் எங்கே இருக்கிறான், இது தெரிந்தால் போதும். 16 முதல் 18 வரை மூன்று அத்தியாயத்தை ஜிம்முக்குப் பதில் கூட வந்த டாக்டர் லிவ்ஸி சொல்கிறார், வேகம் சற்றுக் குறையும். தாண்டிவிடுங்கள் என்று சொல்லமாட்டேன், சின்ன அத்தியாயங்கள்தான்.

இந்த ஒரு விஷயத்தில் சாலமன் சுரங்கம் ஜெயிக்கிறது. குவாட்டர்மெய்ன் எழுதுவது நேரான, சுருக்கமான ஆங்கிலம். குகுவானா மக்களின் பேச்சு மட்டும் பைபிள் நடையில் இருக்கும், பழகிவிடும். செய்தித்தாள் ஆங்கிலம் வரும், நாவல் இதுவரை படித்ததில்லை என்பவருக்கு முதல் ஐம்பது பக்கம் முக்கியம். அங்கே தடுக்கினால் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். நான் முன்னால் சொன்ன ‘ஒரு வகை வாசகர்’ இவர்தான்: வயது வந்தவர், ஆங்கிலத்தில் தயக்கம் உள்ளவர், காலனிய மனோபாவத்தைக் கண்டால் அடையாளம் கண்டு தள்ளத் தெரிந்தவர். அவருக்குச் சாலமன் சுரங்கம். படித்து முடித்த தைரியத்தில் புதையல் தீவுக்கு வரட்டும்.

வீட்டில் வாய்விட்டு வாசித்து, ஆங்காங்கே தமிழில் சொல்லிக்கொண்டே போகிறீர்கள் என்றாலும் சாலமன் சுரங்கம் எளிது. பிடிக்காத இடத்தில் நிறுத்தி, இது தப்பு, ஏன் தப்பு என்று பேசிக்கொள்ளவும் முடியும்.

பிள்ளை தானாகப் படிக்கப் போகிறது என்றால் புதையல் தீவு. மூன்றில் சிறியதும் அதுதான். தொடராக வந்ததால் அத்தியாயம் ஒவ்வொன்றும் சின்னது, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். புதையல் தீவை ஏற்கெனவே படித்தாகிவிட்டதா? அப்படியானால் ஸ்டீவன்சனின் ‘கிட்நாப்ட்’ பக்கம் போங்கள், 1886. சில்வர் விஷயத்தில் செய்ததை இன்னும் ஆழமாகச் செய்திருக்கிறார். ஆனால் ஸ்காட்லாந்துப் பேச்சும் அந்த ஊர் அரசியலும் நிறைய வரும். அதை முதல் புத்தகமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

படம் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். 1950இல் வந்த சாலமன் சுரங்கம் திரைப்படத்தில் பயணத்துக்குக் கிளம்புவதே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிதான். நாவலில் அப்படி ஒருவர் கிடையாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூன்றுக்கும் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அச்சடிக்கிறார்கள். நம் கடைகளில் பளபள அட்டையோடு நிற்பவற்றில் பாதி சுருக்கப் பதிப்பு. அட்டையில் அதை எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள், சிலர் போடுவதே இல்லை. பொருளடக்கத்தைப் பாருங்கள். புதையல் தீவுக்கு 34 அத்தியாயம், ஆறு பாகம். முன்னால் வரைபடம் இருக்க வேண்டும், அது இல்லாத பதிப்பை நான் தொடமாட்டேன். சாலமன் சுரங்கத்துக்கு 20 அத்தியாயம். குறைந்தால் வைத்துவிட்டு அடுத்த கடை பாருங்கள். இணையத்தில் முழு நூல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன, குட்டன்பர்க் தளத்தில் மூன்றும் உண்டு.

சாலமன் சுரங்கத்தில் இன்னொரு வேடிக்கையும் பார்க்கலாம். குகுவானா மக்களை மிரட்ட, வானத்தில் வெளிச்சத்தை அணைத்துக் காட்டுகிறோம் என்று வெள்ளையர்கள் பஞ்சாங்கத்தை நம்பிச் சவால் விடும் இடம் 11ஆம் அத்தியாயத்தில் வருகிறது. முதல் பதிப்பில் ஹாகார்ட் அதைச் சூரிய கிரகணமாக எழுதிவிட்டார். ஆனால் முந்தின ராத்திரிதான் வானத்தில் முழு நிலா காய்ந்தது. சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும் என்பது நம் வீட்டுப் பாட்டிக்கும் தெரியும். பின்னால் வந்த பதிப்புகளில் அதைச் சந்திர கிரகணமாக மாற்றிவிட்டார். உங்கள் கையில் இருக்கும் பிரதியில் மறைவது சூரியனா சந்திரனா என்று அந்த அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள், எந்தப் பதிப்பைப் பார்த்து அடித்தார்கள் என்பது தெரிந்துவிடும்.